தேடுதல் நிறுத்தப்பட்ட நாள்

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

நானும் குருவியும் நலம். நீ எப்படி இருக்கிறாய்? செய்தித்தாளில் உன் படம் பார்த்தேன். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு.

போன் செய்தால் உன் செயலாளர்தான் எடுக்கிறார். “அக்கா பேசுறேன்” என்றேன். “எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க” என்றார். அவர்மேல் தப்பில்லை. நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஊரெல்லாம் அக்காதான். அதனால் கடிதம்.

ஐஸ் ஃபேக்டரியில் என் டோக்கன் ஜன்னல் இப்போது உன் கிளை அலுவலகம் ஆகிவிட்டது. படகுக்காரர்கள் ஐஸ் டோக்கன் வாங்கும்போதே மனுவையும் நீட்டுகிறார்கள். ஈரக் கையால் கொடுப்பதில் பாதி எழுத்து கரைந்துவிடுகிறது. ஏழு மனு இத்துடன் வைத்திருக்கிறேன். ஆறு பேர் படகுத்துறை விளக்கு எட்டு மாதமாக எரியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். ஏழாவது, பக்கத்து வீட்டு நாயைப் பற்றியது. அதை நீ அவையில் எழுப்பவேண்டாம்.

இனி என் விஷயம். குருவிக்குச் செவிலியர் கல்லூரியில் விண்ணப்பம் போடப் போயிருந்தோம். அப்பா கையெழுத்து வேண்டும், இல்லையென்றால் அப்பாவின் இறப்புச் சான்று வேண்டும் என்றார் எழுத்தர்.

“அப்பா இருக்காரா, இல்லையா?”

“கடலுக்குப் போனவர். மூணு வருஷம் நாலு மாசமாச்சு.”

“அது சரிம்மா. இருக்காரா, இல்லையா?”

“தெரியல.”

“தெரியலைன்னு எழுத இதுல இடமில்லையேம்மா.”

அவர் கடுமையாகச் சொல்லவில்லை. உட்காரச் சொல்லித் தண்ணீர்கூடக் கொடுத்தார். காணாமல் போனவரை இறந்தவராக எடுத்துக்கொள்ள ஏழு வருடம் ஆகவேண்டுமாம். அதற்குள் குருவிக்கு இருபத்தொன்று ஆகிவிடும். வீட்டுப் பத்திரம் உன் அத்தான் பெயரில் இருக்கிறது. பின்சுவர் விரிசலை இடித்துக் கட்டக்கூட அனுமதி கேட்க முடியவில்லை.

நான் சிபாரிசு கேட்கவில்லை. உன் பெயரைச் சொல்லி எந்த வாசலிலும் நான் நின்றதில்லை. ஆனால் சட்டம் செய்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறாய். இது யாருக்குமே கண்ணில் படவில்லையா என்று கேட்கத் தோன்றியது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கன்னம் ஒட்டியது சாப்பாட்டால் அல்ல. இங்கே மூன்று பல் பிடுங்கிவிட்டார்கள். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அந்த உயர முக்காலியை மாற்றச் சொன்னேனே, மாற்றினார்களா?

செயலாளர் உன் கடிதத்தைப் படித்துவிட்டு அரை நாள் என் முகத்தில் விழிக்கவில்லை. இனி நீ கூப்பிட்டால் எழுந்து நின்றுகொண்டு பேசுவார்.

சிபாரிசு செய்யவில்லை. கல்லூரிக்கு விதியை மட்டும் கேட்டு எழுதினேன். உறுதிமொழிப் பத்திரத்தோடு குருவியைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்வார்களாம். டிசம்பர் கடைசிக்குள் சான்று கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் இடம் போய்விடும்.

நீ கேட்டது எனக்குச் சுருக்கென்று தைத்தது. நூலகத்தில் தேடிப் பார்த்தேன். யாருக்கும் கண்ணில் படவில்லை என்பதுதான் பதில். ஒரு தனிநபர் மசோதா எழுதிக்கொண்டிருக்கிறேன். கடலில் காணாமல் போனவர்களுக்கு மட்டும் ஏழு வருடம் என்பதை ஒரு வருடம் ஆக்கவேண்டும். இப்படிப்பட்ட மசோதாக்களை இங்கே குலுக்கிப்போட்டுத்தான் எடுப்பார்கள். என் இருக்கை கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் இருக்கிறது. குலுக்கலுக்குத் தூண் தெரியாது என்று நம்புகிறேன்.

ஒரு உதவி. நம் துறையிலிருந்து போய்த் திரும்பாதவர்கள் எத்தனை பேர்? அரசாங்கக் கணக்கில் பதினொன்று என்கிறார்கள். நம்ப முடியவில்லை. உன்னால் ஒரு பட்டியல் எடுக்க முடியுமா?

குருவியைக் கேட்டதாகச் சொல்.

அன்புத் தம்பி


பிப்ரவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

நலம். முக்காலியை மாற்றவில்லை, காலை அறுத்துக் குட்டையாக்கிவிட்டார்கள். இப்போது ஜன்னல் என் நெற்றிக்கு வருகிறது. படகுக்காரர்களுக்கு என் தலைமுடிதான் தெரிகிறது.

பட்டியல் இத்துடன். பதினொன்று அல்ல, முப்பத்தொன்று. எப்படி எடுத்தேன் என்று சொல்கிறேன். கடலுக்குப் போகும் ஒவ்வொரு விசைப்படகும் எங்களிடம்தான் ஐஸ் எடுக்கிறது. எந்தத் தேதியில் எந்தப் படகு எத்தனை பார் ஐஸ்கட்டி எடுத்தது என்று பேரேட்டில் இருக்கும். திரும்பி வந்த படகு மறுபடி ஐஸ் எடுக்கும். எடுக்காமல் நின்றுபோனவற்றைத் தனியே குறித்தேன். விற்றது, உடைத்தது எல்லாம் கழித்ததும் எட்டுப் படகு மிஞ்சியது. உன் அத்தானுடையதும் அதில் ஒன்று. ஐம்பது பார், பொடித்தது. எழுதியது நான்தான்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போனேன். பெரும்பாலோர் உட்காரவைத்துப் பேசினார்கள். வலைக்கூடத்தில் வேலை செய்கிற அம்மா மட்டும் கதவைப் பாதிதான் திறந்தார். மகன் போய் ஐந்து வருடம்.

“என் பிள்ளை செத்துட்டான்னு எழுதிட்டுப் போக வந்தியா?”

“இல்லம்மா, பேர் மட்டும்...”

“உன் வீட்டுக்காரர் பேரை எழுதிட்டியா? முதல்ல அதைச் சொல்லு.”

எழுதியிருந்தேன், முப்பத்தொன்றாவதாக. அதைக் காட்டியதும் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் ஜன்னலுக்கு வந்து, மகனின் பெயரையும் பிறந்த தேதியையும் எழுதிய சீட்டை வைத்துவிட்டுப் போனார்.

தம்பி, ஒரு வருடமோ ஏழு வருடமோ, அந்தச் சொல்தான் தொண்டையில் நிற்கிறது. செத்துவிட்டார் என்று பெண்டாட்டி கையெழுத்துப் போட்டால்தான் மற்றதெல்லாம் நடக்கும் என்றால், பாதிப் பேர் போடமாட்டார்கள். வேறு சொல் இல்லையா, யோசி.

இன்னொன்று. நீ பேசும்போது என் கதையைச் சொல்லாதே. முப்பத்தொரு பேர் இருக்கிறார்கள்.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலமும் குருவியின் நலமும் அறிய ஆவல்.

குலுக்கலில் என் மசோதா மூன்றாவதாக விழுந்தது. நேற்றுப் பேசினேன். பன்னிரண்டு நிமிடம் கொடுத்தார்கள். உன் பட்டியல் கையில் இருந்தது. முதலில் அவையில் ஒரே இரைச்சல். பாதிப் பேர் சாப்பிடப் போய்விட்டார்கள். எண்களைச் சொன்னேன், யாரும் காது கொடுக்கவில்லை. எங்கள் கொறடா முன் வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்து நேரம் போகிறது என்று கையைக் காட்டினார்.

அப்போது உன்னைப் பற்றிச் சொல்லிவிட்டேன். பெயர் சொல்லவில்லை. “என் சகோதரி ஒருத்தி இருக்கிறாள். கணவன் ஏறிய படகுக்கு ஐஸ் எழுதிக் கொடுத்தவள்” என்று ஆரம்பித்தேன். கல்லூரி எழுத்தரிடம் நீ பேசியதைச் சொன்னேன். அவை அடங்கிவிட்டது. சாப்பிடப் போனவர்கள் கதவருகே நின்று கேட்டார்கள்.

வேண்டாம் என்று நீ சொன்னது மறக்கவில்லை. மறந்திருந்தால் இவ்வளவு உறுத்தாது. திட்ட நினைத்தால் திட்டி எழுது.

அமைச்சர் எழுந்து, மசோதாவை அரசு எதிர்க்கவில்லை, தேர்வுக் குழுவுக்கு அனுப்பலாம் என்றார். முதல்முறை வந்தவனின் மசோதாவுக்கு இது நடப்பதில்லை என்று மூத்தவர்கள் கை கொடுத்தார்கள்.

அன்றைய நடவடிக்கைகளின் அச்சுப் பிரதியை உனக்கு அனுப்பச் செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். நீ சொன்ன சொல்லைப் பற்றியும் குழுவில் பேசுவேன்.

அன்புத் தம்பி


ஏப்ரல் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? பதில் இல்லை. அச்சுப் பிரதி வந்ததா?

படகுத்துறை விளக்கு எரிகிறது என்று மின்வாரியத்தில் சொல்கிறார்கள். உண்மையா? அவர்கள் சொல்வதை நீ உறுதிசெய்தால்தான் நம்புவேன். துறைக்குப் போகும் சாலைக்கும் ஒப்புதல் வாங்கிவிட்டேன். மழைக்கு முன் போட்டுவிடுவார்கள். நாய் விஷயத்தில் மட்டும் என் முயற்சி பலிக்கவில்லை. அதன் சொந்தக்காரர் எங்கள் கட்சிக்காரர்.

தேர்வுக் குழுவில் என்னையும் போட்டிருக்கிறார்கள். ஜூலை கடைசியில் சாட்சிகளைக் கேட்போம். கடற்கரை ஊர்களிலிருந்து பெண்களை அழைக்கவேண்டும் என்று குழுவின் தலைவரம்மா சொல்கிறார். உன் பெயரை நான் கொடுக்கவில்லை. அவர் என் உரையைப் படித்துவிட்டு அவராகவே கேட்டார். உன் விருப்பம்.

உன்னைப் பற்றிப் பேசியதுதான் கோபம் என்றால் நேரில் வந்து திட்டு வாங்கிக்கொள்கிறேன். ஒரு வரி எழுது.

அன்புத் தம்பி


மே 15

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். அம்மாவும் நலம். நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது.

வகுப்புகள் தொடங்கிவிட்டன. கட்டுப் போடுவதில் நான்தான் முதல். ஊசி போடுவதில் கடைசி.

மாமா, நீங்கள் அனுப்பிய புத்தகம் வந்தது. அம்மா உங்கள் பேச்சை இரண்டு தடவை படித்தார்கள். எழுத்தரிடம் பேசிய இடம் வந்தபோது சிரிக்கக்கூடச் செய்தார்கள். “அப்படியே சொல்லியிருக்கான், திருட்டுப் பயல்” என்றார்கள். பிறகு பின்னால் இருக்கிற அட்டவணையைப் பார்த்தார்கள். அமைச்சர் அவையில் வைத்தது. எந்தப் படகு, எப்போது போனது, கப்பல் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை தேடியது என்று வரிசையாக இருக்கிறது.

அப்பா படகு இருக்கும் வரியில் விரலை வைத்துக்கொண்டு, “இதைப் படி” என்றார்கள். தேடுதல் நாட்கள், நான்கு என்று படித்தேன். “நாலுன்னா, நாலாம் தேதியா, நாலு நாளா?” என்று கேட்டார்கள். நாலு நாள்தான் என்றேன். சரி என்று சொல்லிவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டார்கள். துவைத்த துணியையே மறுபடி துவைத்தார்கள்.

எனக்கு அப்போது பதினான்கு வயது. ஆனால் நினைவிருக்கிறது. நீங்கள் தினமும் வந்து கப்பல் தேடுகிறது என்று சொல்வீர்கள். பன்னிரண்டு நாள் வந்தீர்கள். நான் நாள்காட்டியில் கோடு போட்டேன்.

அச்சுப் பிழையாக இருக்கும் என்று அம்மாவிடம் சொன்னேன். பிழைதானே மாமா?

குருவி


மே 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் கேட்க எனக்கு இன்று வாய் வரவில்லை.

குருவி எழுதியிருந்தாள். அவளைத் திட்டாதே. அச்சுப் பிழை இல்லை.

நான்காம் நாள் மாலை துறைமுக அதிகாரி என்னை உள்ளே கூப்பிட்டார். மேசையில் கடல் வரைபடம் விரித்திருந்தது; தேடிய இடமெல்லாம் பென்சிலால் கட்டம் போட்டிருந்தார். “இன்னும் தேடிப் பிரயோஜனம் இல்ல சார். இந்த நீரோட்டத்துல ஒரு பலகைகூட நிக்காது. கப்பலைத் திரும்பக் கூப்பிட்டாச்சு” என்றார். நான் சண்டை போட்டேன். அமைச்சருக்குப் போன் செய்தேன். அவரும் கையை விரித்துவிட்டார்.

உன்னிடம் சொல்லத்தான் படகுத்துறைக்கு வந்தேன். நீ அலைத்தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்தாய். குருவி உன் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டிருந்தாள். நீ என்னைப் பார்த்ததும், “இன்னைக்கு எத்தனை கப்பல் போயிருக்கு?” என்று கேட்டாய். நான் “ரெண்டு” என்றேன்.

அந்த ஒரு சொல்தான். ஒன்றுமில்லை என்று சொல்ல வந்த வாய் அதைச் சொல்லிவிட்டது. மறுநாள் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் நீ கொஞ்சம் சாப்பிட்டாய் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அதற்கும் மறுநாள் சொல்வது இன்னும் கடினமாகிவிட்டது. இப்படியே எட்டு நாள்.

இத்தோடு நிறுத்தினால் உன்மேல் பாசத்தால் செய்தேன் என்று ஆகிவிடும். பாதிதான் அது. நான் ஜெயித்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. சொந்த அத்தானைத் தேடப் போன கப்பலையே தொடர்ந்து தேடவைக்கத் தெரியாதவன் ஊருக்கு என்ன செய்வான் என்று பேசுவார்களே என்று பயந்தேன். கட்சி ஆட்கள் கூடவே நின்றார்கள். கப்பல் தேடுகிறது என்பது அவர்களுக்கும் சொல்ல வசதியாக இருந்தது. மற்ற மூன்று குடும்பங்களுக்கும் அதையேதான் சொன்னேன்.

நான் எழுதி முடித்துவிட்டேன். நீ எதைச் சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

தம்பி


ஜூலை 4

தம்பிக்கு,

நலம். உன் கடிதத்துக்குப் பதில் எழுத ஆறு வாரம் ஆகிவிட்டது. கோபத்தில் எழுதினால் கோபம் மட்டும்தான் எழுத்தில் வரும் என்று விட்டுவைத்தேன்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். ஐந்தாம் நாள் காலை நீளக்கைக்காரர் என்னிடம் வந்தார். உன் அத்தானோடு பத்து வருடம் ஒரே படகில் போனவர். இப்போது சொந்தப் படகு வைத்திருக்கிறாரே, அவர்தான். கூட இன்னும் மூன்று படகுக்காரர்கள்.

“தெற்குப் பாறைத் திட்டுப் பக்கம் நாங்க ஒரு நடை போய்ப் பாக்குறோம். இன்ஜின் நின்னா அந்தப் பக்கம்தான் ஒதுங்கும். டீசல் போட்டாச்சு. நீ சரின்னு சொல்லு, போதும்.”

அன்றும் காற்று அடங்கவில்லை. அவருக்குக் கைக்குழந்தை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “கவர்மென்ட் கப்பல் ரெண்டு தேடுதுன்னு தம்பி சொல்லிருக்கான். நீங்க எதுக்கு உயிரைக் கொடுக்கணும்? போகாதீங்க” என்றேன். அவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள்.

அவர்கள் போயிருந்தால் கிடைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. கிடைத்திருக்க மாட்டார் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அந்தப் பக்கம் அந்த எட்டு நாளும் யாருமே பார்க்கவில்லை என்பது மட்டும்தான் எனக்குத் தெரிகிறது. போகாதே என்று சொன்ன வாய் என்னுடையது. சொல்லவைத்தது உன்னுடையது.

மற்ற மூன்று வீட்டுக்கும் நான் போய்ச் சொல்லிவிட்டேன். நீ போய்ச் சொல்லியிருக்கவேண்டும். ஒரு வீட்டில் அழுதார்கள். ஒரு வீட்டில், “அப்பவே தெரியும்” என்றார்கள். மூன்றாவது வீட்டில் உன் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டார்கள். நான் தடுக்கவில்லை.

என் கதையை அவையில் சொன்னதற்கு எனக்குக் கோபமில்லை. சொல்லியிருக்காவிட்டால் அட்டவணை வந்திருக்காது.

குழுவிலிருந்து அழைப்பு வந்தது. வருகிறேன். உனக்காக இல்லை. வலைக்கூடத்து அம்மாவும் வருகிறார். அங்கே என்னை அக்கா என்று கூப்பிடாதே. ரயில் நிலையத்துக்கு வண்டி அனுப்பாதே.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அக்கா


ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? விசாரணை முடிந்து நான் வெளியே வருவதற்குள் நீயும் அந்த அம்மாவும் படியிறங்கிவிட்டீர்கள். மேல் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். நீங்கள் இருவரும் பேருந்து நிறுத்தத்தில் ஒரே குடைக்குள் நின்றீர்கள். இறங்கி வர நினைத்தேன். பேருந்து வரும்வரை ஜன்னலிலேயே நின்றேன்.

நீ சொன்னபடி நான் உன்னை அக்கா என்று கூப்பிடவில்லை. எதுவுமே கூப்பிடவில்லை. எதிர் வரிசையில் உட்கார்ந்து குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஒரு சொல் விடாமல் கேட்டேன்.

தலைவரம்மா உன்னிடம், “ஒரு வருடம் போதுமா, இரண்டு வேண்டுமா?” என்று கேட்டார். நீ மைக்கை எப்படிப் பிடிப்பது என்று ஒரு கணம் பார்த்தாய்.

“எனக்கு எத்தனை வருஷமும் போதாதுங்க. என் மகளுக்கு ஒரு வருஷமே ஜாஸ்தி. அவர் செத்துட்டார்னு எழுதச் சொல்லாதீங்க. எனக்குத் தெரியாததை எப்படி எழுதுவேன்? போனார், வரலைன்னு எழுதச் சொல்லுங்க. அதுக்குக் கையெழுத்துப் போடுறோம்.”

சட்டத்துறைச் செயலர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். ‘காணாமற்போனமைச் சான்று’ என்று தனியாக ஒன்று வைத்து, அதற்கே எல்லா உரிமையும் கொடுக்கலாம் என்று அரை மணி நேரத்தில் ஒத்துக்கொண்டார்கள். நான் நான்கு மாதமாக முட்டிக்கொண்டிருந்த சுவர் அது.

வேறு ஏதாவது சொல்லவேண்டுமா என்று கேட்டபோது நீ, “இன்னொண்ணு இருக்குங்க” என்றாய். நான் குறிப்பேட்டை மூடிவிட்டேன்.

“தேடுறதை நிறுத்தினா, நிறுத்தின அன்னைக்கே வீட்டுல வந்து சொல்லணும். எழுத்துல கொடுக்கணும். அதிகாரிதான் கொடுக்கணும், சொந்தக்காரங்க மூலமா வேண்டாம். சொந்தக்காரங்களால அதைச் சொல்ல முடியாது.”

நீ என்னைப் பார்க்கவில்லை. என் பெயரைச் சொல்லியிருக்கலாம். அறையில் நான்கு நிருபர்கள் இருந்தார்கள். அந்தக் கடைசி வாக்கியத்தை எனக்காகச் சொன்னாயா, என்னைப் பற்றிச் சொன்னாயா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வாக்கெடுப்பில் அந்தப் பிரிவுக்கு முதலில் தூக்கிய கை என்னுடையது.

அடுத்த வாரம் ஊருக்கு வருகிறேன். அந்த மூன்று வீட்டுக்கும் நீளக்கைக்காரர் வீட்டுக்கும் போகிறேன். கட்சி ஆட்கள் யாரும் கூட வரமாட்டார்கள். உன் வீட்டுக்கு, நீ சொன்னால்தான் வருவேன்.

மன்னிப்பாயா என்று கேட்கவும் தயக்கமாக இருக்கிறது.

அன்புத் தம்பி


நவம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் குருவியும் நலமா?

சட்டம் நேற்று நிறைவேறிவிட்டது. தனிநபர் மசோதாவாக இருந்தால் வருடக்கணக்கில் கிடக்கும் என்று அரசே அதைத் தன் மசோதாவாக எடுத்துக்கொண்டது. அமைச்சர் பெயரில்தான் போயிற்று. என்னிடமிருந்து வாங்கிவிட்டார்கள் என்று செயலாளருக்கு ஒரே ஆத்திரம். எனக்கு இல்லை. எதிர்த்து ஒரு ஓட்டும் விழவில்லை. உன் இரண்டு பிரிவும் ஒரு எழுத்து மாறாமல் இருக்கின்றன.

நான் அன்று பேசவில்லை. பேச நேரம் கொடுத்தார்கள், வேண்டாம் என்றேன்.

ஆகஸ்டில் வந்தபோது படத்தை எடுத்த வீட்டில் என்னை உள்ளே விடவில்லை. வாசலில் நின்று சொல்லிவிட்டு வந்தேன். நீளக்கைக்காரர் தேநீர் கொடுத்தார். கிளம்பும்போது, “அன்னைக்கு நாங்க அவ பேச்சைக் கேக்காம போயிருக்கணும்” என்றார். அவரும் இதைச் சுமந்துகொண்டுதான் இருந்திருக்கிறார். உன் வீட்டில் குருவியின் குரல் கேட்டது. நின்று கேட்டுவிட்டுப் போனேன்.

இந்த மாதம் பதினேழாம் தேதியிலிருந்து பதிவாளர் அலுவலகத்தில் தனி ஜன்னல் திறக்கிறார்கள். டிசம்பருக்குள் குருவிக்குச் சான்று கிடைத்துவிடும்.

அன்புத் தம்பி


டிசம்பர் 7

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். குருவி ஊசி போடுவதில் முன்னேறிவிட்டாள். என் கையில்தான் பழகுகிறாள்.

ஜன்னல் திறந்த அன்று முப்பத்தொரு பேரில் இருபத்து நான்கு பேர் வீட்டிலிருந்து வந்துவிட்டார்கள். பதிவாளர் அலுவலகம் இரண்டாம் மாடி. கிழவர்களால் ஏற முடியவில்லை. கீழே மரப்பெஞ்சில் உட்கார்ந்து நான் எழுதிக் கொடுத்தேன். அதற்காக ஃபேக்டரியில் தினமும் இரண்டு மணி நேரம் விடுப்பு. முதலாளி முகத்தைச் சுளித்தாலும் சம்மதித்தார். அவருடைய மைத்துனர் பெயரும் பட்டியலில் இருக்கிறது.

வலைக்கூடத்து அம்மா கடைசியில் வந்தார். மகன் பெயர், வயது, படகு எல்லாம் தடையில்லாமல் சொன்னார். ‘திரும்பவில்லை’ என்று எழுதவேண்டிய இடத்துக்கு வந்ததும், “இதை நானே எழுதுறேன்” என்று பேனாவை வாங்கினார். எழுத்துக் கூட்டி எழுத வெகுநேரம் ஆனது. பின்னால் நின்றவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை. எழுதி முடித்து அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “பொய் இல்லை” என்றார்.

எல்லாருக்கும் எழுதிய பிறகும் என்னுடையது பையிலேயே இருந்தது, மூன்று வாரம். குருவிக்குக் கல்லூரியிலிருந்து இரண்டு தடவை கேட்டிருக்கிறார்கள். அவள் என்னிடம் சொல்லவில்லை. அவள் தோழி சொன்னாள். நேற்று வேலை முடிந்ததும் டோக்கன் ஜன்னலை மூடிவிட்டு உட்கார்ந்து எழுதினேன். அவர் பெயரை எழுதும்போது அழவில்லை. எழுதியதும்தான் அழுதேன். நான்கு வருடமாக அழுதது வேறு, இது வேறு.

நீ ஊருக்கு வந்தபோது என் வாசல் வரை வந்து திரும்பியதும் எனக்குத் தெரியும். ஜன்னலுக்குள் நான் நின்றுகொண்டிருந்தேன். கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் நல்லபடியாக இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். அது பொய்யாக இருந்திருக்கும்.

மன்னிப்பைப் பற்றி எழுதியிருந்தாய். சில நாள் மன்னித்துவிட்டது போல் இருக்கிறது. சில நாள் தெற்கிலிருந்து காற்று அடித்தால்கூட உன்மேல் ஆத்திரம் வருகிறது. இதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

விண்ணப்பத்தில் கடைசிப் பக்கம் ஒன்று இருக்கிறது. படகு போனதையும் தேடியதையும் நேரில் அறிந்த உறவினர் ஒருவர், தனக்குத் தெரிந்ததை எல்லாம் தன் கையாலேயே எழுதிச் சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும். “உங்க தம்பி எம்.பி.தானேம்மா? அவர் முத்திரை போட்டு ஒரு தாள் அனுப்பினா போதும், அன்னைக்கே முடிச்சிடலாம்” என்றார் எழுத்தர். முத்திரை வேண்டாம், அவனே வந்து எழுதுவான் என்றேன்.

வேறு யாரையும் கேட்கவில்லை. கேட்கப்போவதும் இல்லை. அந்தப் பக்கத்தை வெற்றாக வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை மதியத்துக்கு மேல் எனக்கு வேலை இல்லை. பேருந்தில் வா. நேரே வீட்டுக்கு வந்துவிடு; சாப்பிட்டுவிட்டு இரண்டு பேருமாகப் போகலாம்.

அன்புடன்,
அக்கா